லெக் அம்பயராக நின்றவன்

ஜனவரி 6, ஞாயிறு

கம்பெனி டைரி வந்துவிட்டது. பெயின்ட் கம்பெனி என்பதால் பக்கத்துக்குப் பக்கம் ஒரு நிறம். இன்றைக்கு வெளிர் பச்சை. கொடுக்கும்போது கிளப் செயலாளர் கனகசபை சார் என் தோளைத் தட்டி, "இந்த வருஷம் உன்னைத்தான் நம்பியிருக்கேன் ஜெபராஜ்" என்றார். மற்றவர்களுக்கு வெறுமனே கொடுத்தார். எனக்கு மட்டும் எதற்கு இந்தத் தட்டல்? போன கிளப்பிலும் இப்படித்தான் தட்டினார்கள். அடுத்த மாதமே வேறு ஆளைப் போட்டார்கள்.

மேட்ச் ஜெயித்தோம். எனக்கு மூன்று விக்கெட். பந்து சும்மா சீறிக்கொண்டு போகிறது. அக்டோபரிலிருந்தே இப்படித்தான். முப்பத்தைந்து வயதில் எந்த பவுலருக்காவது வேகம் திரும்பி வருமா? எனக்கு வந்திருக்கிறது. இருபது வயதில் நாசரேத்திலிருந்து ரயிலேறி வந்தபோது இருந்த அதே வேகம். அதற்கப்புறம் ஒன்பது கிளப் மாறிவிட்டேன். நிரந்தரமாக வைத்துக்கொள்ளும் அளவுக்குப் பெரிய ஆளும் இல்லை, போடா என்று தள்ளிவிடும் அளவுக்கு மட்டமும் இல்லை. அதுதான் என் தலையெழுத்து.

அவர்களுடைய ஓப்பனர், நேற்று முளைத்த பயல், அவுட்டாகிப் போகும்போது "மாங்கா" என்று முணுமுணுத்தான். கையை மடக்கி, கல்லால் மாங்காய் அடிக்கிற மாதிரி எறிகிறேனாம். ஸ்டம்பு பறந்த வயிற்றெரிச்சல், வேறென்ன.

தயாளன் மட்டும் இருந்திருந்தால் ஸ்டம்புக்குப் பின்னாலிருந்தே அவனுக்கு நாலு வார்த்தை கொடுத்திருப்பான். நான் போன கிளப்புக்கெல்லாம் கூடவே வந்து எனக்குக் கீப்பிங் செய்தவன். இந்த சீசன் ராயபுரம் யூனியனுக்குப் போய்விட்டான். கையெழுத்துப் போட்ட பிறகுதான் என்னிடம் சொன்னான். முன்னாடியே சொன்னால் என்ன, வாய் வெந்துவிடுமா?

பனிக்குக் கை கொஞ்சம் பிடித்துக்கொண்டது. சட்டைப் பொத்தானை வீட்டுக்காரி பியூலாதான் கழற்றிவிட்டாள்.

ஜனவரி 9, புதன்

ஸ்டோரில் இருபது லிட்டர் டின்களை மேல் தட்டிலிருந்து இறக்கச் சொன்னார்கள். முடியாது என்று சொல்லிவிட்டேன். நான் பிளேயர், கூலியாள் இல்லை. சூப்பர்வைசர் ஒரு மாதிரி பார்த்தார். பார்க்கட்டும்.

ஆனாலும் மனதில் உறுத்தல்தான். வருடாவருடம் புதுப்பிக்கும் டெம்பரரி வேலை இது. அணி இரண்டாம் டிவிஷனுக்கு ஏறினால் என்னை நிரந்தரமாக்குவதாகக் கனகசபை சார் வாக்குக் கொடுத்திருக்கிறார். ஏறாவிட்டால் மார்ச்சோடு வீட்டுக்கு. அதற்கப்புறம் என்னை எந்தக் கிளப்பும் தொடாது. மகள் ஷைனியை ஒன்றாம் வகுப்பில் சேர்க்க வேண்டும். நினைத்தால் சோறு இறங்கவில்லை.

ஜனவரி 13, ஞாயிறு

இன்றைக்கு ராயபுரம் யூனியனோடு மேட்ச். தோற்றோம். அது பெரிய விஷயமில்லை, இன்னொரு சுற்று இருக்கிறது. வேறொன்றுதான் மண்டையைக் குடைகிறது.

எங்கள் மூன்றாம் டிவிஷனில் மேட்சுக்கு ஒரே அம்பயர்தான் வருவார். அவர் பவுலர் பக்கம் நிற்பார். லெக் அம்பயராக பேட்டிங் அணியிலிருந்தே ஒருத்தன் வெள்ளைத் தொப்பியை மாட்டிக்கொண்டு நிற்பான். ரன் அவுட், ஸ்டம்பிங் இதைத்தான் அவன் பார்க்க வேண்டும். அதிலும் ஒரு வழக்கம்: சந்தேகம் என்று வந்தால் தன் அணிக்காரனையே அவுட் கொடுத்துவிட வேண்டும், அப்போதுதான் சண்டை வராது. கை மடங்குகிறது என்று நோ பால் கொடுக்கவும் லெக் அம்பயருக்கு உரிமை உண்டு. பக்கவாட்டில் நிற்பவனுக்குத்தானே கை தெளிவாகத் தெரியும்? ஆனால் பேட்டிங் அணிக்காரன் எவனும் அதைக் கொடுத்ததில்லை. அது மரியாதை இல்லை.

ராயபுரம் பேட்டிங்கின்போது கொஞ்ச நேரம் தயாளன் லெக்கில் நின்றான். இத்தனை வருடம் என்னை நேரெதிரே பார்த்தவன், முதல் முறையாகப் பக்கவாட்டில் பார்த்தான். அப்புறம் இடைவேளையில் அம்பயர் ராஜமாணிக்கம் சாரோடு வேப்பமரத்தடிக்குப் போய்ப் பேசிக்கொண்டிருந்தான். பேசும்போது தன் வலது முழங்கையை மடக்கி மடக்கிக் காட்டினான். இரண்டு பேரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள்.

அப்புறம் ஒன்றுமே நடக்காதது போல வந்து, "இன்னாடா மச்சான், லெமன் சாதம் துன்றியா? உனக்குன்னு ஊட்ல சேத்துக் கட்டிக் குட்த்தா" என்று டப்பாவை நீட்டினான். பசியில்லை என்றேன். அகோரப் பசி.

போகும்போது ராஜமாணிக்கம் சார் கேட்டார். "முழங்கை எப்படி இருக்கு தம்பி?"

"நல்லாருக்கு சார்."

"பாத்துக்கோப்பா. ஒரு தடவைதான் கேப்பேன்."

ஊரில் இல்லாத அக்கறை.

ஜனவரி 15, செவ்வாய்

பொங்கல். தயாளன் போன் செய்தான், நான் எடுக்கவில்லை. அடுத்த நிமிடம் பியூலாவின் போன் அடித்தது. அவள் சமையலறைக்குள் போய்ப் பேசினாள். மெதுவாகப் பேசினாள். "நான் சொன்னா கேக்க மாட்டாவண்ணே" என்றது மட்டும் காதில் விழுந்தது.

"என்ன பேசினான்?" என்று கேட்டேன்.

"பொங்கல் வாழ்த்து சொன்னாவ."

"அதுக்கு எதுக்கு நீ உள்ள போகணும்?"

"ஏங்க, உங்களுக்கு என்ன வந்துச்சு? பால் பொங்கிட்டு இருந்துச்சு, அடுப்ப அணைக்க வேண்டாமா?"

பால் பொங்கியது உண்மைதான். இருந்தாலும்.

ஜனவரி 23, புதன்

வலைப் பயிற்சியில் கேப்டன் பிரணவ் போனில் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தான். கேட்டால், "எல்லார் பவுலிங்கும் எடுக்கிறேண்ணா, அனாலிசிஸ்" என்கிறான். பொறியியல் படித்த பிள்ளை, பதில் எப்போதும் தயாராக வைத்திருப்பான். நான் போடும்போது மட்டும் பக்கவாட்டுக்கு நகர்ந்தது ஏன்?

அப்புறம் ஷூ லேஸ் கட்டுவதுபோல் உட்கார்ந்துவிட்டேன். அவன் போனைப் பைக்குள் வைத்த பிறகுதான் எழுந்தேன்.

வெயில் ஒத்துக்கொள்ளவில்லை. முழுக்கைச் சட்டை இரண்டு தைக்கக் கொடுத்திருக்கிறேன். "கை கொஞ்சம் தொளதொளன்னு இருக்கட்டும்" என்று டெய்லரிடம் சொன்னேன்.

ஜனவரி 27, ஞாயிறு

நினைத்தேன். நினைத்தபடியே நடந்துவிட்டது.

மேட்ச் முடிந்ததும் கனகசபை சார் காருக்குள் கூப்பிட்டு உட்காரவைத்தார். லீகுக்கு என்மேல் புகார் போயிருக்கிறதாம். பந்து வீச்சு சந்தேகத்துக்கு உரியதாம். இது முதல் புகார், அதனால் எச்சரிக்கையோடு விட்டுவிட்டார்கள். இன்னொரு முறை எந்த அம்பயராவது சொன்னாலோ, மைதானத்தில் நோ பால் கொடுத்தாலோ, அன்றோடு சரி. லீகில் பந்து போட முடியாது.

"யாரு சார் சொன்னது?"

"அது எதுக்கு உனக்கு? நீ பாட்டுக்குப் போடு. கொஞ்சம் பாத்துப் போடு."

எனக்கா தெரியாது? வேப்பமரத்தடியில் கையை மடக்கிக் காட்டியவன்தான். நேராக அவனுக்குப் போன் போட்டேன்.

"நல்லா இருடா. என் வயித்துல அடிச்சிட்டல்ல."

"இன்னாடா சொல்ற?"

"ராஜமாணிக்கம்கிட்ட காட்டிக் குடுத்தது நீதான்."

செருப்பை மாட்டிக்கொண்டு அவன் வெளியே போகும் சத்தம் கேட்டது. குற்றமுள்ள நெஞ்சு. அப்புறம், "ஜெபா, டாக்டராண்ட போ. மொதல்ல கைய காட்டு. மத்ததெல்லாம் அப்பால பேசிக்கலாம்" என்றான். நான் கேட்டதற்கு இல்லை என்றானா? சொல்லவில்லையே! போனை வைத்துவிட்டேன். பதினைந்து வருடம் என் வீட்டில் கை நனைத்தவன்.

பிப்ரவரி 2, சனி

பியூலா விடமாட்டேன் என்றாள், போய்த் தொலைவோம் என்று எலும்பு டாக்டரிடம் போனேன். கையை நீட்டச் சொன்னார். நீட்டினேன்.

"முழுசா நீட்டுங்க."

அதுதான் முழுசு.

மூட்டுக்குள் ஏதோ எலும்புச் சில் உடைந்து கிடக்கிறதாம், அது வழியை மறிக்கிறதாம். ஆபரேஷன், ஆறு மாதம் ஓய்வு என்று அடுக்கிக்கொண்டே போனார். எந்த டாக்டர்தான் ஒன்றுமில்லை போ என்று அனுப்புவார்? வலிக்காகக் கையைக் கொஞ்சம் மடக்கிக் கொண்டுவந்து கடைசியில் ஒரு உதறு உதறுகிறேன், அவ்வளவுதான். யாருக்கு அது கண்ணுக்குத் தெரியப் போகிறது?

டாக்டருக்கும் தயாளனுக்கும் பழக்கம் உண்டா என்று பியூலாவிடம் கேட்டேன். அவள் ஆட்டோவைக் கூப்பிடப் போய்விட்டாள்.

பிப்ரவரி 10, ஞாயிறு

ஐந்து விக்கெட்! புதிய சட்டை ராசியான சட்டை. கனகசபை சார் கட்டிப்பிடித்தார். பாதி டிவிஷன் எங்களுக்குக் கீழே.

இன்னொரு பந்து போடச் சொல்லியிருந்தால் அழுதிருப்பேன்.

பிப்ரவரி 12, செவ்வாய்

பந்து வாங்க வாலாஜா ரோட்டுக்குப் போனேன். நான் நுழைந்த கடையில் ராயபுரம் யூனியன் செயலாளர் ஜோதிலிங்கம் பேட் பார்த்துக்கொண்டிருந்தார். டீ வாங்கிக் கொடுத்தார். பேச்சு வாக்கில், "உங்க தயாளன் எங்ககிட்ட ரொம்ப நல்லாப் பண்றாம்பா" என்றார்.

நான் சொன்னேன்: "நல்லவன்தான் சார். இடது முட்டிதான் போச்சு. குனிஞ்சு உக்காந்தா எந்திரிக்க ஸ்டம்பைப் பிடிச்சுக்குவான். உங்ககிட்ட சொல்லியிருக்க மாட்டான்."

அவர் முகம் மாறியது. டீயைக்கூட முழுதாகக் குடிக்கவில்லை.

பொய் ஒன்றும் சொல்லவில்லை. அத்தனையும் உண்மை. அந்த முட்டிக்கு எண்ணெய் போட்டுத் தேய்த்துவிட்டவனே நான்தான். என் கையை அவன் சொன்னான், அவன் முட்டியை நான் சொன்னேன். கணக்குத் தீர்ந்தது.

வீட்டுக்கு வந்ததும் மனது ஒரு நிலையில் இல்லை. டீ சரியில்லை போலிருக்கிறது.

பிப்ரவரி 17, ஞாயிறு

இன்று எங்களுக்கு மேட்ச் இல்லை. ராயபுரம் அணியில் தயாளன் ஆடவில்லை என்று பிரணவ் சொன்னான். வெளியே உட்காரவைத்துவிட்டார்களாம்.

விஷயம் பியூலா காதுக்கும் போயிருக்கிறது. நான் சாப்பிட உட்கார்ந்ததும் குழம்புச் சட்டியைத் தொம்மென்று வைத்தாள்.

"தயாளன் அண்ணனப் பத்தி அந்த செக்ரட்டரிட்ட சொன்னது நீங்கதானா?"

"யாரு சொன்னா?"

"யாரோ சொன்னாவ. நீங்கதானா, இல்லையா?"

"அவன் என்னக் காட்டிக் குடுத்தான், நான்..."

"அவியளா காட்டிக் குடுத்தாவ?" என்று கத்தினாள். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவள் அப்படிக் கத்தியதில்லை. "அந்த அம்பயரு அன்னைக்கே எழுதிருவேன்னு நின்னிருக்காரு. 'அவனுக்கு மூட்டுல நோவு சார், சரி பண்ணிருவான், ரெண்டு வாரம் பொறுங்க'ன்னு கையப் புடிச்சிக் கெஞ்சினது அவிய. பொங்கலன்னைக்கு அதச் சொல்லத்தான் போன் போட்டாவ. டாக்டர்ட்ட கூட்டிட்டுப் போம்மான்னு. நீங்க எங்க வந்தீய?"

ஷைனி பயந்துபோய் அவள் பின்னால் நின்றாள்.

நான் எழுந்து கை கழுவிவிட்டேன். சொன்னது யார்? தயாளன்தானே? அவனே தனக்கு நல்ல பேர் வாங்கிக்கொள்கிறான். பியூலாவும் நம்பிவிட்டாள். பாவம், சூது வாது தெரியாதவள்.

பிப்ரவரி 18, திங்கள்

அப்படியும் இருக்குமோ?

இருக்காது.

பிப்ரவரி 24, ஞாயிறு

ஜெயித்தோம். எனக்கு ஒரு விக்கெட்தான். பயந்து பயந்து போட்டால் பந்து போகவே மாட்டேன் என்கிறது.

அடுத்த ஞாயிறு கடைசி மேட்ச், ராயபுரம் யூனியனோடு. ஜெயிக்கிறவன் மேலே போவான். "ஜெயிச்சிட்டா அந்த வாரமே உன் பெர்மனென்ட் ஆர்டர்ல எம்.டி. கையெழுத்து" என்றார் கனகசபை சார். பிறகு குரலைத் தாழ்த்தி, "தயாளனை அன்னிக்கு முழு இன்னிங்ஸும் லெக்ல நிக்கவைக்கப் போறாங்களாம். ஆட்டத்துல இல்லாத ஆள்தானே, சும்மா இருக்கான். எதுக்குன்னு புரியுதா?" என்றார்.

புரியாமல் என்ன? என் முதல் ஓவரிலேயே அவன் கையை நீட்டி நோ பால் என்று கத்தினால் என் கதை முடிந்தது. அவனை வெளியே உட்காரவைத்தது யார்? நான். அவனுக்கு அங்கே நிற்க இடம் போட்டுக் கொடுத்தது யார்? அதுவும் நான்தான். என் வாயே எனக்கு எமன்.

மார்ச் 2, சனி

ஜெபம் செய்ய உட்கார்ந்தேன். என்ன கேட்பது என்று தெரியவில்லை. எழுந்துவிட்டேன்.

மார்ச் 3, ஞாயிறு

கை எழுத முடியாத வலி. இடது கையால் எழுதுகிறேன், கோணல்மாணலாக வருகிறது. ஆனாலும் இன்றே எழுதிவிட வேண்டும்.

முதலில் நாங்கள் ஆடினோம், சுமாரான ஸ்கோர். அவர்கள் ஆட வந்தபோது தயாளன் அந்த வெள்ளைத் தொப்பியை மாட்டிக்கொண்டு நடந்து வந்தான். இடது காலைச் சற்று இழுத்துத்தான் நடந்தான். எல்லைக் கோட்டருகே ஜோதிலிங்கம் அவன் காதில் ஏதோ சொன்னார். அவன் தலையாட்டினான். என்னைப் பார்த்தான். அம்பயர் அதே ராஜமாணிக்கம் சார்.

முதல் பந்தைத் தடவிக் கொடுத்தேன், வேகமே இல்லை. நாலு ரன். இரண்டாவது பந்தும் அப்படியே. பிரணவ் ஓடிவந்து, "அண்ணா, இப்படிப் போட்டா பத்து ஓவர்ல முடிச்சிருவாங்க. போடறதப் போடுங்கண்ணா!" என்றான். சரி, ஆனது ஆகட்டும் என்று ஓடிவந்து முழு வேகத்தில் விட்டேன். விட்ட நொடியில் காதைத் தீட்டிக்கொண்டேன்.

சத்தமே இல்லை. பந்து பேட்ஸ்மேனைத் தாண்டிக் கீப்பர் கையில் போய் அறைந்தது. லெக்கிலிருந்து ஒரு சத்தமும் இல்லை.

அடுத்த பந்து, அதற்கடுத்த பந்து. ஒன்றுமில்லை. முக்கியமான நேரத்துக்காகக் காத்திருக்கிறான் என்று நினைத்தேன். இரண்டு விக்கெட் விழுந்தது. அப்போதும் இல்லை. மூன்றாவது ஓவரில்தான், பந்தை விட்டபிறகு ஓட்டத்தோடு ஓட்டமாகத் திரும்பி அவனைப் பார்த்தேன்.

அவன் என்னைப் பார்க்கவில்லை. மைதானத்துக்கு வெளியே, சுவரில் உட்கார்ந்திருந்த காக்கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். சரி, தற்செயல் என்று நினைத்தேன். அடுத்த பந்திலும் பார்த்தேன். நான் ஓடிவரத் தொடங்கியதும் தலையை மெல்ல அந்தப் பக்கம் திருப்பினான். பந்து போனதும் திரும்பினான். மற்ற பவுலர்கள் போடும்போது ஒழுங்காக முட்டியில் கை ஊன்றி, கண்ணெடுக்காமல் பார்த்தான். என் பந்துக்கு மட்டும் ஒவ்வொரு தடவையும் காக்கையைப் பார்த்தான்.

பந்தைத் தேய்க்கிற சாக்கில் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

ஆட்டம் இறுகியது. அவர்களுடைய நல்ல பேட்ஸ்மேன் ஒருத்தன் நின்றுகொண்டான். என் பந்து ஸ்விங் ஆவதற்கு முன்பே அடிக்கக் கோட்டுக்கு வெளியே ஓரடி முன்னால் நின்று ஆடினான். கடைசிக்கு முந்தின ஓவர். நான் போட்டது அவன் மட்டையைத் தாண்டிப் போயிற்று. எங்கள் கீப்பர் பிடித்த கையோடு ஸ்டம்பின் மேல் எறிந்தான். பெயில்ஸ் பறந்தது. "அவுட்" என்று பதினொரு பேரும் லெக் பக்கம் பார்த்துக் கத்தினோம்.

எனக்கு நன்றாகத் தெரிந்தது. அந்தப் பையனின் கால் கோட்டுக்குள் வந்துவிட்டிருந்தது.

தயாளன் அப்போதுதான் தலையைத் திருப்பினான். ஸ்டம்பைப் பார்த்தான், பையனைப் பார்த்தான். அவன் ஒன்றுமே பார்த்திருக்கவில்லை. பார்க்காதவன் எப்படிச் சொல்வது? சந்தேகம் என்றால் தன் ஆள் அவுட், அதுதான் வழக்கம். மெதுவாக விரலைத் தூக்கினான்.

அதற்கப்புறம் நடந்ததை எழுதவே கூசுகிறது. அவன் போன பிறகு வந்தவர்களால் ரன் எடுக்க முடியவில்லை, நாங்கள் ஜெயித்தோம். எங்கள் பையன்கள் என்னைத் தூக்கினார்கள். அந்தப் பக்கம் ராயபுரம் ஆட்கள் தயாளனைச் சுற்றிக்கொண்டார்கள். "எங்கடா பாத்துக்கினு இருந்த?" என்று ஒருத்தன் அவன் சட்டையைப் பிடித்தான். "வெயிலு. கண்ணு கூசிச்சு" என்று மட்டும் சொன்னான். சூரியன் அவன் முதுகுப் பக்கம் இருந்தது.

கூட்டம் கலைந்ததும் அவனிடம் போனேன். சிமென்ட் பெஞ்சில் முட்டியைத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"ஏன்டா பாக்கல?"

"பாத்தா சொல்லணும்ல. தொப்பி மாட்டிக்கினு நின்னுட்டு, பாத்தத பாக்கலன்னு சொல்ல வராது எனக்கு. அதான் பாக்கல."

"உன் முட்டியப் பத்தி ஜோதிலிங்கத்துகிட்ட..."

"தெரியும் போடா. உன்னத் தவிர யாருக்கு அது தெரியும்?" என்றான். "போ. வேல கெடைக்கப் போவுதுல்ல. பியூலாவாண்ட போய்ச் சொல்லு."

மார்ச் 4, திங்கள்

ஊரெல்லாம் ஒரே பேச்சு. தயாளன் எங்கள் கம்பெனியிடம் காசு வாங்கிக்கொண்டு மேட்சை விற்றுவிட்டானாம். என் நண்பன் என்பதால் நான்தான் கை மாற்றிவிட்டேனாம். ஜோதிலிங்கம் லீகில் புகார் கொடுத்துவிட்டார். புதன்கிழமை விசாரணை. ஆயுளுக்கும் தடை போடச் சொல்கிறார்களாம், ஆடவும் கூடாது, கோச்சிங்கும் கூடாது. பெரம்பூரில் பிள்ளைகளுக்குக் கோச்சிங் கொடுத்துத்தான் அவன் வீட்டில் அடுப்பு எரிகிறது.

இத்தனை நாளாக நான் அவனைச் சந்தேகப்பட்டேன். இப்போது ஊரே படுகிறது. வழி காட்டியவன் நான்.

கனகசபை சார் பலகாரப் பெட்டியோடு ஸ்டோருக்கே வந்தார். வெள்ளிக்கிழமை ஆர்டர் கைக்கு வந்துவிடும் என்றார். "விசாரணைக்கு நீ போகாதே. அது அவங்க உள் விவகாரம்" என்றார்.

மார்ச் 5, செவ்வாய்

பியூலாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மறைக்கவில்லை. அவன் எங்கே பார்த்தான், ஏன் பார்த்தான், எல்லாம். விசாரணையில் போய்ச் சொன்னால் நம் வேலை போய்விடும் என்றும் சொன்னேன். அவள் போ என்று சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். சொல்லவில்லை. போகாதே என்றும் சொல்லவில்லை. ஷைனியின் ஸ்கூல் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டே இருந்தாள். கடைசியில், "நான் சொல்லி நீங்க செஞ்சா நாளைக்கு அதையும் எம்மேல சந்தேகப்படுவீய. நீங்களே முடிவு பண்ணுங்க" என்றாள்.

வெட்கமாக இருந்தது.

மார்ச் 6, புதன்

போனேன்.

லீக் அலுவலகத்தின் சின்ன அறை. ராஜமாணிக்கம் சார், ஜோதிலிங்கம், கமிட்டியில் இரண்டு பேர். தயாளன் சுவரோரம் நின்றிருந்தான். எங்கள் கனகசபை சாரும் இருந்தார். என்னைப் பார்த்ததும் முகம் இறுகியது.

"எங்க பாத்துட்டு நின்னேன்னு ஒரு வார்த்தை சொல்லு, விட்டுடறோம்" என்று கமிட்டிக்காரர் தயாளனிடம் கேட்டுக்கொண்டிருந்தார். அவன் "வெயிலு சார்" என்றான் மறுபடியும்.

"வெயில் இல்ல சார்" என்றேன். "என் கையைப் பாக்கக் கூடாதுன்னு திரும்பி நின்னான். பாத்தா நோ பால் குடுக்கணும். என் கை மடங்குது. அக்டோபர்லருந்து நான் எறியறேன் சார், போடல."

"ஜெபா, வாய மூடு" என்றான் தயாளன்.

"உளர்றான் சார், பிரண்டைக் காப்பாத்த வந்து உளர்றான்" என்றார் கனகசபை சார்.

வேறு வழி தெரியவில்லை. மேஜை மேல் கிடந்த பழைய பந்தை எடுத்துக்கொண்டு, வராந்தாவுக்கு வாங்க என்று எல்லோரையும் அழைத்தேன். ராஜமாணிக்கம் சாரைப் பக்கவாட்டில் நிற்கச் சொன்னேன். ஓட இடமில்லை, நாலு எட்டு வைத்து, மாடிப்படிச் சுவரைப் பார்த்து முழு வேகத்தில் விட்டேன். மூட்டுக்குள் கத்தி இறங்கியதுபோல் இருந்தது. பந்து சுவரில் பட்டுத் திரும்பி எங்கேயோ உருண்டது.

அவர் என் முழங்கையையே பார்த்தார். பிறகு மைதானத்தில் நிற்கிறவர் மாதிரியே வலது கையைப் பக்கவாட்டில் நீட்டினார்.

"நோ பால்" என்றார். குரல் உயரவே இல்லை.

தயாளன்மேல் போட்ட புகாரைத் தள்ளிவிட்டார்கள். மைதானத்தில் யாரும் நோ பால் கொடுக்காததால் மேட்ச் முடிவு மாறாது. நான் மட்டும் இனி லீகில் பந்து போட முடியாது. வெளியே வந்ததும் கனகசபை சார் என்மேல் பாய்ந்தார். "எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயம்தானேய்யா இது? எனக்குத் தெரியாதா, பிரணவுக்குத் தெரியாதா? தெரிஞ்சுதானே வச்சிருந்தோம். உன்னை எவன் வாயத் திறக்கச் சொன்னான்? பந்து போடாதவனுக்கு எதுக்கு ஆர்டர்?" காரை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

எல்லோருக்கும் தெரியுமாம்! எல்லோரும் என்னையே பார்க்கிறார்கள் என்று இரண்டு மாதமாகப் பயந்தேனே, அது மட்டும் சரியாகத்தான் இருந்திருக்கிறது.

தயாளன் பஸ் ஸ்டாப் வரை என்னைத் திட்டிக்கொண்டே வந்தான். இத்தனை வருடத்தில் அவன் வாயிலிருந்து கேட்காத வார்த்தையெல்லாம் கேட்டேன். "லூசாடா நீ? அறிவு இருக்குதா? இதுக்குத்தானா நான் நாள் பூரா காக்காவப் பாத்துக்கினு நின்னேன்? இதுக்கு மொத ஓவர்லயே நோ பால்னு சொல்லிட்டு நான் பாட்டுக்கு ஜெயிச்சிட்டுப் போயிருப்பேனேடா!"

அவனுக்கு மூச்சு வாங்கியது, நிறுத்தினான். அவன் போகவேண்டிய பஸ்தான் முதலில் வந்தது. காலியாக வந்தது. கண்டக்டர் "பெரம்பூர், பெரம்பூர்" என்று கூவினார். அவன் ஏறவில்லை.

"உன் பஸ் வரட்டும்" என்றான்.